பழி ஒருபுறம், கடன் ஒருபுறம்

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில், தொப்பூர் கணவாயை நெருங்கும்போது வண்டி ஓட்டுவோர் நெஞ்சம் ஒருமுறை பதறும். அந்த இறக்கத்தில் நடந்து சென்ற ஒருவர்மீது மோதிவிட்டு, வண்டியொன்று நில்லாமல் ஓடிவிடுகிறது எனக் கொள்வோம். ஓட்டியவர் யாரென்று தெரியாது. குற்றத்தை மெய்ப்பிக்கவும் வழியில்லை. ஆயினும் இறந்தவருடைய குடும்பம் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவு, 2022 ஏப்ரல் முதல், அக்குடும்பத்துக்கு 2 இலட்சம் ரூபாயும், கொடுங்காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் வழங்கச் சொல்கிறது. பழி யாருடையது எனத் தெரியாவிட்டாலும் கடன் சமுதாயத்தினுடையது என்பதே இதன் உட்பொருள்.

அந்தக் காயம் சாலையில் நேராமல் ஊசிமுனையில் நேர்ந்தால்? ஊரைக் காக்கவென்று போடப்பட்ட தடுப்பூசியே ஒரு வீட்டின் விளக்கை அணைத்துவிட்டதாகப் பெற்றோர் கதறினால், அவர்களுக்கு விடை சொல்ல வேண்டியவர் யார்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுதல் நலம். தடுப்பூசியால் மனிதகுலம் பெற்ற நன்மை அளவிடற்கரியது. பெரியம்மை உலகினின்று ஒழிந்துவிட்டதென 1980இல் அறிவிக்கப்பட்டது. இளம்பிள்ளைவாதத்தின் கொடுமையிலிருந்து இந்தியா விடுபட்டதென 2014இல் சான்று கிடைத்தது. கடுமையான பக்கவிளைவுகள் மிக மிக அரியவை. ஆனால் அரியது என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. இலட்சத்தில் ஒருவருக்கு நேரும் துன்பம், அந்த ஒருவருக்கு முழுத் துன்பமே.

மோசேயின் இரு சட்டங்கள்

இச்சிக்கலின் வேர் மிகப் பழையது. விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரம், ஒருவரை அடித்துக் காயப்படுத்தியவன், அவர் வேலையிழந்த நாள்களுக்கு ஈடு கொடுத்து, அவரை முற்றிலும் குணமாக்கவும் வேண்டும் என்கிறது. இது குற்றத்தை அடிப்படையாகக் கொண்ட இழப்பீடு.

இணைச்சட்ட நூலின் 21ஆம் அதிகாரமோ வேறொரு நிலையைக் காண்கிறது. வயல்வெளியில் ஒருவர் கொலையுண்டு கிடக்கிறார். கொன்றவன் யாரெனத் தெரியவில்லை. அப்போது மூப்பர்கள் சுற்றியுள்ள ஊர்களுக்கான தொலைவை அளக்க வேண்டும். மிக அருகிலுள்ள ஊரார் ஓர் இளம்பசுவைக் கொண்டு கழுவாய்ச் சடங்கு நிறைவேற்ற வேண்டும். பணம் தருவதைப் பற்றி அங்கே பேச்சில்லை. எனினும், "நாங்கள் செய்யவில்லை, ஆகவே எங்களுக்கு இதில் தொடர்பில்லை" என்று அவ்வூர் ஒதுங்கிவிட முடியாது. அம்மூப்பரும் கைகழுவினர், பிலாத்தும் கைகழுவினான். அவன் கழுவியது பொறுப்பைத் தட்டிக்கழிக்க. அவர்கள் கழுவியது பொறுப்பை ஏற்றபின். இவ்விரு கைகழுவல்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடே நம் பொருளின் கரு.

உலகம் கற்ற பாடம்

பொதுநன்மைக்காகத் தன் உரிமையைத் தியாகம் செய்ய நேர்ந்தவருக்கு அரசு ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை, பிரஷ்ய நாட்டின் பொதுச்சட்டத் தொகுப்பு 1794இலேயே பொறித்து வைத்தது. செருமனியின் உச்சநிலை நீதிமன்றம் 1953இல், கட்டாய அம்மை ஊசியால் கெடுதியுற்றவருக்கு இக்கோட்பாட்டைப் பொருத்தித் தீர்ப்பளித்தது. 1961இல் அங்கு அது சட்டமாயிற்று.

அமெரிக்காவில் இப்பாடம் துயரத்தின் வழியாக வந்தது. 1955 ஏப்ரலில், கட்டர் என்னும் நிறுவனம் தயாரித்த இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தில் கிருமிகள் முற்றிலும் செயலிழக்காமல் இருந்துவிட்டன. பலர் முடமாயினர், 10 பேர் மாண்டனர். 1958இல் கலிபோர்னிய நீதிமன்றத்தில் நடுவர் குழு வியப்பூட்டும் முடிவொன்றைச் சொன்னது: நிறுவனம் கவனக்குறைவாக நடக்கவில்லை, ஆயினும் தீங்கற்றதென உறுதி கூறி விற்ற பொருள் தீங்கு செய்ததால், பாதிக்கப்பட்ட இரு குழந்தைகளுக்கு 1,47,300 டாலர் கொடுக்க வேண்டும். பழி வேறு, கடன் வேறு என்று மன்றமே பிரித்துக் காட்டியது.

இங்கிலாந்தில் பெற்றோர் பல்லாண்டு போராடியதன் பயனாக 1979இல் சட்டம் பிறந்தது. கடுமையாக ஊனமுற்றவருக்குத் தொடக்கத்தில் 10,000 பவுன் தரப்பட்டது. பின்னர் அத்தொகை 1,20,000 பவுனாக உயர்ந்தது. அமெரிக்காவிலோ வழக்குகள் பெருகியதால் தயாரிப்பாளர் சிலர் தொழிலையே கைவிட்டனர். தடுப்பூசி கிடைக்காமல் போகும் அச்சம் எழுந்தது. ஆகவே 1986இல் தனிச்சட்டம் இயற்றி, 1988இல் இழப்பீட்டு நிதி தொடங்கினர். தடுக்கப்படும் நோய் ஒன்றுக்கு, ஊசி ஒவ்வொன்றின்மீதும் 75 செண்டு வரி விதித்து அந்நிதி திரட்டப்படுகிறது. முறையிடுவோர் எவருடைய குற்றத்தையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

இந்த நிதியின் வரலாற்றில் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஈடு பெற்றவர்களுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர், இரு தரப்பும் கூடிப் பேசிய உடன்பாட்டின் வழியாகவே பெற்றுள்ளனர். அவற்றில், ஊசிதான் கெடுதிக்குக் காரணம் என அரசு முடிவு கட்டவில்லை. பணம் கொடுத்ததையே குற்ற ஒப்புதல் எனக் கூவுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். ஐயம் முற்றும் தீரும்வரை பிள்ளையைப் பெற்றவர்களைக் காக்க வைப்பது அறமன்று என்பதே அவ்வுடன்பாட்டின் பொருள்.

நம் நாட்டில்

இந்தியாவில் நிலைமை விந்தையானது. புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் 2019இன்படி, ஆய்வில் பங்கேற்பவருக்குக் கெடுதி நேர்ந்தால் ஆய்வை நடத்துவோர் இலவசச் சிகிச்சை அளிக்க வேண்டும். ஆய்வே காரணமென்றால் இழப்பீடும் தர வேண்டும். உயிர் போயின், 8 இலட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோய்நிலையையும் கணித்துத் தொகை முடிவாகும். ஆனால் 'ஆய்வே காரணமா' என்னும் இடத்தில்தான் பூசல் எழுகிறது. கோவிட் தடுப்பூசி ஆய்வில் பங்கேற்ற சென்னைத் தன்னார்வலர் ஒருவர், தமக்கு மூளை நரம்புப் பாதிப்பு நேர்ந்ததென்று 2020 நவம்பரில் 5 கோடி ரூபாய் கேட்டு அறிவிக்கை அனுப்பினார். சீரம் நிறுவனம் அதனை மறுத்து, தானே 100 கோடி ரூபாய்க்கு மேல் கோரப்போவதாக அறிவித்தது. ஊசிக்கும் பாதிப்புக்கும் தொடர்பில்லை என்பதே அதிகாரிகளின் நிலைப்பாடு. செய்தி பின்னர் உயர்நீதிமன்றம் சென்றது. யார் சொன்னது மெய் என்று தீர்ப்புரைப்பது நம் வேலையன்று. தனியொருவர் கேட்க, நிறுவனம் எதிர்த்துக் கேட்கும் அம்மன்றாட்டில் இருபுறத் தட்டுகளும் சமமல்ல என்பதை மட்டும் காண்கிறோம்.

ஆய்வு முடிந்து ஊசி பொதுமக்களுக்கு வந்தபின், அந்த விதியின் நிழலும் இல்லை. தடுப்பூசிக்குப்பின் தம் மகளை இழந்ததாகக் கூறிய பெற்றோரின் வழக்கில், நடுவண் அரசு 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்குப் பிரமாணப் பத்திரம் அளித்தது. அதுவரை போடப்பட்ட ஏறத்தாழ 220 கோடி ஊசிகளில் 2,782 கடுமையான நிகழ்வுகளே பதிவாயின. ஊசி போட்டுக்கொள்வது அவரவர் விருப்பம். ஆகவே அரசு பொறுப்பாகாது. வேண்டுவோர் உரிமையியல் நீதிமன்றம் செல்லலாம் என்றது. எண்ணிக்கை ஆறுதல் தருகிறது. ஆனால் 'விருப்பம்' என்ற சொல் உறுத்துகிறது. தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்கள் பொது இடங்களுக்கு வரவே ஊசிச் சான்று கேட்ட காலம் அது. யாரையும் வற்புறுத்தலாகாது என உச்ச நீதிமன்றம் 2022 மே 2இல் சொன்னபோது, கோடிக்கணக்கானோர் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தனர். பென்னாகரத்துக் கூலித் தொழிலாளி ஒருவர், நீதிமன்றக் கட்டணம் செலுத்தி, வல்லுநர் சான்று தேடி, உலகப் பெரு நிறுவனத்தோடு வழக்காட வல்லவரா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

நம்பிக்கையின் விலை

இழப்பீடு பேசினால் மக்கள் அஞ்சி ஊசியை மறுப்பர் என வாதிடுவோர் உண்டு. 2008 ஏப்ரல் 23 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சென்று ஊசி போடுவதை நிறுத்தி, சுகாதார நிலையங்களுக்கு வரச் செய்தனர். எல்லா ஊசிகளும் பெற்ற குழந்தைகளின் அளவு, 2005–06 கணக்கெடுப்பில் 80.9 விழுக்காடாக இருந்து, 2015–16இல் 69.7 ஆகக் குறைந்திருந்தது. இச்சரிவுக்குக் காரணங்கள் பலவாகலாம். ஆனால் இழப்பீட்டுச் சட்டம் அவற்றுள் ஒன்றன்று; அத்தகைய சட்டம் இங்கே இருந்ததில்லை.

கேள்வி கேட்பவரைப் பகைவராகக் கருதுவதும் பிழை. முன்பு நம் மாவட்டத்தில் இருந்து, இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை எல்லார்க்கும் போடும் திட்டத்தை எதிர்த்து 1955இல் நூலே எழுதினார். செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பேராய்வு, பெரியவர்களைத் தாக்கும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை எனப் பின்னர் காட்டியது. குழந்தைகளைத் தாக்கும் கொடிய மூளை உறைக் காசநோயிலிருந்து அது காக்கிறது என்பதும் தெளிவாயிற்று. அதனாலேயே இன்றும் பச்சிளங்குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. கேட்டவரை இகழ்வதால் கிடைக்காத தெளிவு, பொறுமையான ஆய்வினால் கிடைத்தது.

ஒரு குழந்தைக்குப் போடும் ஊசி அக்குழந்தையை மட்டும் காப்பதில்லை. நோய் பரவாமல் தடுத்து, அடுத்த தெருவின் குழந்தையையும் காக்கிறது. அவ்வகையில், ஊசிக்குக் கை நீட்டுகிற ஒவ்வொருவரும் ஊருக்காகவும் நீட்டுகிறார். அந்தக் கைகளுள் ஒன்று வாடிப்போனால், மருத்துவரையோ செவிலியரையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால்தான் ஈடு கிடைக்கும் என்னும் நிலை இரு தரப்புக்கும் கொடுமை. பழியைத் தேடுவது நீதிமன்றத்தின் வேலை, அது நடக்கட்டும். கடனைத் தீர்ப்பதோ ஊரின் வேலை, அது காத்திருக்கலாகாது.