சுங்கான்களின் வரலாறு: பொருள்களும் பேணலும்

சுங்கான் என்பது புகையிலையை எரித்துப் புகையை இழுப்பதற்கான குழாய். புகையிலை எரியும் கிண்ணம், புகை வரும் தண்டு, வாயில் வைக்கும் முனை ஆகியவை இதன் பகுதிகள். கல், களிமண், பீங்கான், மரம், மக்காச்சோளக் கட்டை எனப் பல பொருள்களால் சுங்கான்கள் செய்யப்பட்டன. ஒரு சுங்கான் எவ்வளவு காலம் உழைத்தது, எப்படி நிறம் மாறியது, எப்போது குப்பைக்குப் போனது என்பவற்றைப் பெரும்பாலும் அதன் பொருளே முடிவு செய்தது. ஆகவே, பழைய சுங்கானைச் சேகரிப்பவர் எதைத் துடைக்கலாம், எதைத் தொடாமல் விட வேண்டும் என்பதும் பொருளுக்குப் பொருள் வேறுபடும்.

அமெரிக்காவின் சிவப்புக் கல்

புகையிலையின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். அங்குள்ள தொல்குடிகள் ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே கல்லிலும் சுடுமண்ணிலும் சுங்கான் செய்தனர். இன்றைய மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள சிவப்புக் கல் சுரங்கம் இவற்றுள் புகழ்பெற்றது. கத்தியால் செதுக்கும் அளவுக்கு அந்தக் கல் மென்மையானது. 1836-இல் ஓவியர் ஜார்ஜ் கேட்லின் அங்கு சென்றார்; அவர் பெயராலேயே அந்தக் கல் கேட்லினைட் எனப்படுகிறது. 1937-இல் அவ்விடம் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. கல் வெட்டும் உரிமை தொல்குடிகளுக்கு மட்டுமே உண்டு.

லக்கோட்டா, டக்கோட்டா மக்களுக்குச் சுங்கான் ஒரு வழிபாட்டுப் பொருள். கிண்ணத்தையும் தண்டையும் தனித்தனியே வைத்திருந்து, சடங்கின்போது மட்டுமே இணைப்பது மரபு.

வெண்களிமண்

16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வெண்களிமண் சுங்கான்கள் பரவின. புகையிலை அப்போது விலை மிக்க சரக்கு. அதனால் தொடக்ககாலக் கிண்ணங்கள் மிகச் சிறியவை. புகையிலை மலிவானபோது கிண்ணமும் பெரிதானது. 1604-இல் புகையிலையைக் கண்டித்து நூல் எழுதிய முதலாம் ஜேம்ஸ் மன்னர், 1619-இல் சுங்கான் செய்வோர் சங்கத்துக்கு உரிமைப் பட்டயமும் வழங்கினார். இங்கிலாந்தின் புரோஸ்லியும் நெதர்லாந்தின் கௌடாவும் இத்தொழிலின் பெரிய மையங்களாயின.

களிமண்ணை உருட்டி, தண்டுக்குள் கம்பியைச் செலுத்தித் துளையிட்டு, இரு பகுதி அச்சில் வைத்து அழுத்திச் சூளையில் சுட்டனர். மலிவான இந்தச் சுங்கான்கள் எளிதில் உடைந்தன. உடைந்ததை யாரும் ஒட்டி வைக்கவில்லை. தெருவிலும் ஆற்றிலும் எறிந்தனர்.

எறியப்பட்ட அந்தத் துண்டுகள் பிற்காலத்தில் காலக்கணக்குக் கருவியாயின. அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் அகழாய்வு செய்த ஜே. சி. ஹாரிங்டன், காலம் செல்லச் செல்ல தண்டின் துளை சிறுத்துவந்ததைக் கவனித்து 1954-இல் வெளியிட்டார். துளையை அங்குலத்தின் 64-இல் ஒரு பங்கு என்ற அளவில் அவர் அளந்தார். 1620–1650 காலத்தில் 8 பங்காக இருந்த துளை, 1750–1800 காலத்தில் 4 பங்காகக் குறைந்திருந்தது. 1962-இல் லூயிஸ் பின்ஃபோர்ட் இதை ஒரு சூத்திரமாக்கினார். இந்த முறை தனித்த ஒரு துண்டுக்குப் பொருந்தாது. ஓரிடத்தில் கிடைத்த பல துண்டுகளின் சராசரிக்கே பொருந்தும்.

மீர்ஷாம்

துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் தோண்டியெடுக்கப்படும் வெண்ணிறக் கனிமம் மீர்ஷாம். 'கடல் நுரை' என்பது இந்த ஜெர்மன் சொல்லின் பொருள். காய்ந்த மீர்ஷாம் நீரில் மிதக்கும். ஈரமாக இருக்கும்போது செதுக்க எளிது. 19-ஆம் நூற்றாண்டில் வியன்னா நகரின் கைவினைஞர்கள் இதில் மனிதத் தலைகளையும் வேட்டைக் காட்சிகளையும் செதுக்கினர்.

செதுக்கியபின் இதைத் தேன்மெழுகில் தோய்ப்பார்கள். நுண்துளைகள் நிறைந்த கல் புகையின் ஈரத்தையும் பிசினையும் உறிஞ்சுவதால், வெண்மை மெல்ல மஞ்சளாகி, தேன் நிறமாகி, பழுப்பாகும். பல ஆண்டுப் பழக்கத்தால் வந்த இந்த நிறத்தையே சேகரிப்பாளர்கள் மதிக்கின்றனர்.

பிரையர் மரம்

மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் எரிகா ஆர்போரியா என்னும் புதர்ச்செடியின் தண்டுக்கும் வேருக்கும் இடையே மண்ணுக்குள் பருத்துக் கிடக்கும் கணுவே பிரையர். பிரெஞ்சு மொழியில் இதன் பெயர் புருயேர். அதிலிருந்தே பிரையர் என்ற பெயர் வந்தது. கணுவை வெட்டி, பல மணி நேரம் கொதிக்க வைத்து, மாதக்கணக்கில் உலர்த்துவர். இப்படிப் பதப்படுத்திய மரம் சூட்டை நன்கு தாங்கும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் சேன்-குளோட் ஊர் இத்தொழிலின் தலைநகரானது. அவ்வூரார் அதற்கு முன்பே மரக்கடைசலில் தேர்ந்தவர்கள்.

கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பரான எபோனைட், வாய்முனைக்குப் பயன்பட்டது. லண்டனில் 1907-இல் கடை திறந்த ஆல்ஃபிரட் டன்ஹில், பின்னர் தம் சுங்கான்களின் முனையில் வெள்ளைப் புள்ளி பதித்தார். முனையின் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காக வைத்த அந்தப் புள்ளி, நிறுவனத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

மலிவான மாற்றாக அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 1869 முதல் மக்காச்சோளக் கட்டைச் சுங்கான்கள் செய்யப்பட்டன. தளபதி டக்ளஸ் மக்கார்த்தரின் படங்களில் காணப்படுவது இந்த வகைதான்.

பராமரிப்பு

களிமண் சுங்கானைப் புகைத்த காலத்தில், விடுதிக்காரர்கள் அழுக்கேறியவற்றை இரும்புச் சட்டத்தில் அடுக்கி அடுப்பில் சுட்டு வெளுப்பாக்கினர். சேகரிப்பில் உள்ள பழைய துண்டுகளுக்கு இது ஆகாது. அடிப்பகுதியில் உள்ள செய்தவரின் முத்திரை தேயாதவாறு மென்மையான தூரிகையால் மண்ணை நீக்கினால் போதும்.

பிரையர் கிண்ணத்தின் உட்புறம் படியும் கரி, மரத்தைத் தீயிலிருந்து காக்கும். அது ஒரு நாணயத் தடிமனுக்குள் இருக்க வேண்டும். மிகுந்தால், சூட்டில் விரிந்து கிண்ணத்தைப் பிளந்துவிடும். மீர்ஷாமுக்கு இந்தக் கரிப்படலம் தேவையில்லை. அவ்வப்போது துடைத்தெடுக்க வேண்டும். சுங்கான் சூடாக இருக்கும்போது முனையைக் கழற்றினால், எந்தப் பொருளானாலும் பொருத்து உடையக்கூடும். எபோனைட் வெயில் பட்டால் பச்சை கலந்த பழுப்பாக மங்கும் என்பதால் நிழலில் வைக்க வேண்டும்.

புதிதுபோல் மின்ன வேண்டும் என்ற ஆசையே சேகரிப்பாளர் அடிக்கடி செய்யும் பிழை. மெருகேற்றும் சக்கரத்தில் தேய்த்தால், பிரையர் தண்டில் அழுத்திய ஊர்ப்பெயரும் நிறுவனப் பெயரும் மழுங்கிவிடும். அதன்பின் அந்தச் சுங்கானின் பிறப்பிடத்தைச் சொல்வது கடினம்.

சேகரிப்பின் எல்லை

சேகரிப்புக்குச் சட்டமும் எல்லை வகுத்துள்ளது. தேம்ஸ் ஆற்றங்கரையில் தேடுவதற்கு லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதி வேண்டும். அகழாய்வுத் தளத்தில் ஒருவர் துண்டை மட்டும் எடுத்துச் சென்றால், அது கிடந்த மண்ணடுக்கின் காலத்தை அறியும் வழியும் போய்விடும். அமெரிக்காவில் 1990-இல் வந்த சட்டத்தின்படி, அரசின் நிதி பெறும் அருங்காட்சியகங்கள், தொல்குடிகள் உரிமை கோரும் புனிதப் பொருள்களைத் திருப்பித் தர வேண்டும்.

புகையிலையின் தீங்கு தெளிவாகத் தெரிந்த இக்காலத்தில், பழைய சுங்கான்கள் புகைப்பதற்காக அன்றி வரலாற்றுக்காகவும் பேணப்படுகின்றன. மீர்ஷாமின் பழுப்பையும் தண்டின் தேய்ந்த எழுத்தையும் குறையென்று நினைத்து நீக்கினால், அந்தப் பொருளைப் பயன்படுத்திய மனிதரைப் பற்றிய சான்றும் அவற்றோடு போய்விடும்.