அடுத்த அறைக் கணிப்பொறி கதவு திறக்க மறுப்பது ஏன்?

ஒரே வீட்டில் இரண்டு கணிப்பொறிகள் உள்ளன. இரண்டும் ஒரே ரூட்டருடன் இணைந்துள்ளன. இரண்டிலும் இணையம் தடையின்றி வருகிறது. ஆயினும் ஒன்றில் பகிர்ந்து வைத்த கோப்புறையை மற்றொன்றிலிருந்து திறக்க முற்பட்டால், ‘அணுக முடியவில்லை’ என்ற அறிவிப்பே கிடைக்கிறது. கடல் கடந்த நாட்டிலுள்ள இயந்திரத்தோடு நொடியில் தொடர்பு கொள்ளும் கணிப்பொறி, சுவருக்கு அப்பாலுள்ள தோழனோடு பேச மறுப்பது விந்தையல்லவா?

ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்பேட்டைகளை ஒட்டிய ராயக்கோட்டை போன்ற ஊர்களில் இவ்விந்தை பலருக்கும் பழக்கமானது. சிறு தொழிற்கூடத்தின் வரைபடங்கள் பழைய கணிப்பொறியில் இருக்கும். புதிய லேப்டாப் அவற்றைக் காணாது. வீட்டில் தந்தையின் கணிப்பொறியிலுள்ள படங்களை மகளின் லேப்டாப் திறக்காது. இத்தொல்லைக்குக் காரணம் ஒன்றல்ல, பல. அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் வந்து சேர்ந்தவை. எந்தக் காலத்தில் எந்தத் தடை எதற்காகச் சேர்ந்தது என்று அறிந்தால், பழுதைத் தேடும் வழியும் புலப்படும். எந்தத் தடையை நீக்கலாம், எதை நீக்கக் கூடாது என்பதும் தெளிவாகும்.

கம்பியில் ஏறிய செய்தி

1971-ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர், தனித்தனித் தீவுகளிலிருந்த கருவிகளை வானொலி அலைகளால் இணைத்தனர். அலோகாநெட் எனப்பட்ட இவ்வமைப்பில் செய்தி அனுப்ப எல்லோருக்கும் பொதுவான ஒரே அலைவரிசைதான். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் செய்திகள் மோதிச் சிதையும். இருவரும் சிறிது நேரம் பொறுத்து மீண்டும் அனுப்புவர். இக்கருத்தைச் செம்மைப்படுத்தி, 1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோர் கம்பிவழி வலையமைப்பு ஒன்றை உருவாக்கினர். அதுவே ஈதர்நெட். நம் வீட்டு ரூட்டரின் பின்புறமுள்ள துளைகள் அதன் வழிவந்தவையே.

ஆனால் ஈதர்நெட் ஒரு சாலை மட்டுமே. அந்தச் சாலையில் யாரைத் தேடிப் போவது, போய் எந்த மொழியில் கேட்பது என்பவை தனிக் கேள்விகள்.

பெயர் சொல்லி அழைத்தல்

1981-இல் ஐ.பி.எம். தனிநபர் கணிப்பொறி வெளிவந்தது. அலுவலகங்களில் இவை பெருகவே, இவற்றை இணைக்கும் தேவை எழுந்தது. ஐ.பி.எம்-முக்காக சைடெக் என்ற நிறுவனம் 1983-இல் நெட்பயாஸ் என்ற முறையை அமைத்தது. இதில் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஒரு பெயர் உண்டு. பெயருக்கு 16 இடங்கள். அவற்றுள் கடைசி இடம் சேவையின் வகையைக் குறிக்க ஒதுக்கப்பட்டதால், பெயருக்குக் கிடைப்பவை 15 எழுத்துகளே.

ஒரு கணிப்பொறியைத் தேடுவது எப்படி? தெருமுனையில் நின்று உரக்கப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல, ‘இந்தப் பெயருடையவர் யார்?’ என்று வலையமைப்பு முழுவதற்கும் செய்தி அனுப்பப்படும். உரியவர் விடை தருவார். சிறிய தெருவுக்கு இது போதும். பல தெருக்கள் சேர்ந்த பெருநகரத்தில் கூப்பிடும் குரல் அடுத்த தெருவை எட்டாது. இணையத்தின் எண்முகவரி முறையோடு இதனைப் பொருத்தும் விதிகள் 1987-இல் வகுக்கப்பட்டன. பெயர், எண்முகவரி என ஒரு கணிப்பொறிக்கு இரண்டு அடையாளங்கள் இருப்பது இதனால்தான்.

முதற்பழுதும் இங்கேதான். பெயரைத் தட்டினால் கிடைக்காத கணிப்பொறி, அதன் எண்முகவரியைத் தட்டினால் கிடைத்துவிடுவதுண்டு. அப்படியானால் சாலையில் குறையில்லை. பெயரைக் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டில்தான் குறை என்று கொள்ளலாம்.

பொது மொழியின் பிறப்பு

தேடிப் பிடித்த கணிப்பொறியிடம் கோப்பைக் கேட்க ஒரு மொழி வேண்டும். 1980-களின் முற்பகுதியில் ஐ.பி.எம். பொறியாளர் பாரி ஃபைகன்பாம் இதனை வகுத்தார். முதலில் தம் பெயரின் முதலெழுத்துகளையே அதற்குச் சூட்டிய அவர், பின்னர் எஸ்.எம்.பி. என மாற்றினார். இதன் உத்தி எளியது. ஒரு நிரல் வட்டிலிருந்து கோப்பைக் கேட்கும்போது, அந்த வேண்டுகோள் இடையிலேயே பிடிக்கப்பட்டு, கம்பிவழியே மற்றக் கணிப்பொறிக்கு அனுப்பப்படும். அது தன் வட்டிலிருந்து படித்து விடை அனுப்பும். கேட்ட நிரலுக்கோ, கோப்பு வந்தது அடுத்த அறையிலிருந்து என்பதே தெரியாது.

மைக்ரோசாஃப்ட் இம்மொழியை மேற்கொண்டு வளர்த்தது. 1992-இல் வெளிவந்த ‘விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ்’ மூலம், தனியே ஒரு பெரிய கணிப்பொறி இல்லாமலேயே மேசைக் கணிப்பொறிகள் ஒன்றுக்கொன்று கோப்புறைகளைப் பகிரலாயின.

ஏறத்தாழ அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர் வேறொரு சிக்கலில் ஈடுபட்டிருந்தார். தம் சிறு கணிப்பொறிக்கும் யூனிக்ஸ் கணிப்பொறிக்கும் இடையே கோப்புகளைப் பகிர வேண்டும். மொழியின் இலக்கணமோ கையில் இல்லை. மொழி அறியாத ஒருவர் சந்தையில் நின்று, விற்பவரும் வாங்குபவரும் பேசுவதைக் கவனித்தே அம்மொழியைக் கற்பது போல, கம்பியில் சென்ற செய்திகளைக் கவனித்தே அவர் அதனைக் கற்றார். அவர் எழுதிய நிரலுக்குப் பெயர் தேவைப்பட்டபோது, எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துகளும் வரிசையாக அமைந்த சொல்லை அகராதியில் தேடினார். கிடைத்த சொல் ‘சாம்பா’. 2007 டிசம்பரில்தான், ஐரோப்பிய ஆணையத்தின் தீர்ப்பை ஒட்டி, இம்மொழியின் ஆவணங்கள் சாம்பா குழுவினருக்குக் கிடைக்க வழி பிறந்தது. இன்று வீடுகளில் வைக்கப்படும் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றுள் உழைப்பது சாம்பாவே.

‘நீ யார்?’ என்ற கேள்வி

தொடக்கக் காலப் பகிர்வில் நம்பிக்கையே முதலாக இருந்தது. விண்டோஸ் 95-இல் கோப்புறைக்கு ஒரு கடவுச்சொல் வைத்தால் போதும். அதை அறிந்த எவரும் நுழையலாம். இதில் ஓர் ஓட்டையும் இருந்தது. கடவுச்சொல்லின் முதல் எழுத்தை மட்டும் சரியாகச் சொன்னாலே கதவு திறக்கும்படி ஏமாற்ற முடியும் என்பது 2000-ஆம் ஆண்டில் தெரியவந்தது, திருத்தமும் வெளியிடப்பட்டது.

1993-இல் வந்த விண்டோஸ் என்.டி. வேறு முறையைக் கொண்டது. கோப்புறைக்கு அன்று, மனிதருக்கே அடையாளம். வருபவர் யார் என்று முதலில் கேட்டு, அவருக்கு எந்த உரிமை உண்டு என்று பிறகு பார்க்கும். இன்றைய விண்டோஸ் அனைத்தும் இவ்வழியில் வந்தவை. எனவே பகிர்வுக்கு ஓர் உரிமைப் பட்டியலும், வட்டிலுள்ள கோப்புக்கு மற்றொரு பட்டியலும் உண்டு. இரண்டில் எது இறுக்கமானதோ அதுவே செல்லும். ஒன்றில் அனுமதி தந்துவிட்டு மற்றதை மறந்தவர்கள்தாம் ‘பகிர்ந்தேன், திறக்கவில்லை’ என்று வருந்துபவர்களில் பலர்.

2001-இல் விண்டோஸ் எக்ஸ்.பி. மேலும் ஒரு கட்டுப்பாட்டைச் சேர்த்தது. கடவுச்சொல்லே இல்லாத கணக்கின் பெயரால் வலையமைப்பு வழியே நுழைய முடியாது. நம் வீடுகளில் கடவுச்சொல் வைப்பதைத் தொல்லையாகக் கருதுவோர் மிகுதி. ஆகையால் இப்பழுதும் மிகுதி. திரையைத் திறக்கப் பயன்படும் நான்கு இலக்க ‘பின்’ எண்ணும் இங்குச் செல்லாது. அது அந்தக் கணிப்பொறிக்கு மட்டுமே உரியது. வலையமைப்பில் கேட்கப்படுவது கணக்கின் கடவுச்சொல்.

2003-இல் ‘பிளாஸ்டர்’ என்ற புழு நிரல் உலகெங்கும் கணிப்பொறிகளைத் தாக்கியது. மறு ஆண்டு வந்த எக்ஸ்.பி-யின் இரண்டாம் திருத்தத் தொகுப்பில், ஃபயர்வால் எனப்படும் தீச்சுவர் தானாகவே இயங்கும் நிலையில் அமைக்கப்பட்டது. பின்வந்த பதிப்புகள் வலையமைப்பைப் ‘பொது’, ‘தனி’ எனப் பிரித்தன. வீட்டு வைஃபை தவறுதலாகப் ‘பொது’ எனக் குறிக்கப்பட்டிருந்தால், பேருந்து நிலையத்தில் அயலாரிடம் மறைவது போலக் கணிப்பொறி வீட்டாரிடமும் மறைந்துகொள்ளும்.

பாதை அகலம் மாறினால்

தருமபுரிக்கும் ஓசூருக்கும் இடையே 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இருந்தது குறுகிய இருப்புப்பாதை. அது பெயர்த்தெடுக்கப்பட்டபின், ராயக்கோட்டை வழியே செல்லும் சேலம்–பெங்களூரு பாதை மீட்டர் பாதையாக அமைந்து, 1990-களில் அகலப் பாதையாயிற்று. ஓர் அகலத்திற்கெனச் செய்த வண்டி மற்றதில் ஓடாது. எஸ்.எம்.பி. மொழியிலும் இத்தகைய மாற்றங்கள் நிகழ்ந்தன. இரண்டாம் பதிப்பு விஸ்டாவுடனும், மூன்றாம் பதிப்பு 2012-இல் விண்டோஸ் 8 உடனும் வந்தன. இரண்டு கணிப்பொறிகள் சந்தித்ததும், ‘எனக்குத் தெரிந்த பதிப்புகள் இவை’ என்று ஒன்று சொல்லும். இருவரும் அறிந்தவற்றுள் புதியதை மற்றது தேர்ந்தெடுக்கும். பொதுவான பதிப்பு எதுவும் இல்லையெனில் உரையாடலே இல்லை.

புதிய இயந்திரங்கள் பழைய பதிப்பைக் கைவிட்டது ஏன்? விடை 2017-இல் இருக்கிறது. முதற்பதிப்பை விண்டோஸ் கையாண்ட விதத்தில் இருந்த ஒரு குறைக்கு மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. பலர் அதை நிறுவவில்லை. மே 12 அன்று ‘வான்னகிரை’ என்ற நிரல் அக்குறை வழியே கணிப்பொறிக்குக் கணிப்பொறி தாவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் திணறின. நம் நாட்டில் ஆந்திரக் காவல்துறையின் கணிப்பொறிகளும் கேரளத்தின் சில ஊராட்சி அலுவலகக் கணிப்பொறிகளும் இதற்கு இரையாயின. சென்னை அருகேயுள்ள ரெனோ–நிசான் கார்த் தொழிற்சாலையிலும் வேலை தடைப்பட்டது.

அவ்வாண்டு அக்டோபர் முதல், புதிதாக நிறுவப்பட்ட விண்டோஸ் 10 முதற்பதிப்பின் வழியே கோப்புகளை வழங்குவதை நிறுத்தியது. வீட்டுக் கணிப்பொறிகளில் அப்பதிப்பால் கோப்பைக் கேட்கும் பகுதியும் 15 நாள்கள் பயன்படாவிடில் தானே நீங்கிவிடும். எளிய பகிர்வுக்கென விண்டோஸ் 7-இல் வந்த ‘ஹோம்குரூப்’ வசதியும் 2018-இல் நீக்கப்பட்டது. 2024-இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பின் புரோ வகை, பெயர் சொல்லாத விருந்தினராக நுழைவதையும் இயல்பாக ஏற்பதில்லை.

பழுதைத் தேடும் வரிசை

வரலாறு வந்த வரிசையிலேயே பழுதையும் தேடலாம். முதலில் சாலை: இரண்டு கணிப்பொறிகளும் ஒரே வைஃபையில் உள்ளனவா? ரூட்டரின் விருந்தினர் வைஃபையில் ஒன்று சேர்ந்திருந்தால் மற்றதைக் காண இயலாது. அடுத்துப் பெயர்: எண்முகவரியால் அழைத்துப் பார்க்க வேண்டும். அதன்பின் தீச்சுவர்: வலையமைப்பு ‘தனி’ எனக் குறிக்கப்பட்டுள்ளதா? பிறகு மொழி: இரண்டில் ஒன்று மிகப் பழையதா? இறுதியில் ஆளும் உரிமையும்: கோப்பைக் கொடுக்கும் கணிப்பொறியில் கடவுச்சொல்லுடன் கூடிய கணக்கு உண்டா? இரண்டு பட்டியல்களிலும் அக்கணக்குக்கு இடம் உண்டா? கடவுச்சொல் கேட்கும் பெட்டி திரையில் தோன்றினால் மகிழலாம். சாலை, பெயர், தீச்சுவர், மொழி ஆகிய நான்கும் நன்றாக உள்ளன என்பதே அதன் பொருள்.

இவ்வரிசையை விட்டு, தீச்சுவரை அணைத்தும், எல்லோருக்கும் முழு உரிமை தந்தும், நீக்கப்பட்ட முதற்பதிப்பை மீண்டும் நிறுவியும் காரியம் முடிப்போர் உண்டு. கோப்புறை திறக்கும், ஆனால் மே 12-இல் நுழைந்ததற்கும் அதே வழி திறந்திருக்கும். பழைய இயந்திரத்தை விட முடியாத தொழிற்கூடங்கள், அதனை இணையத்திலிருந்து பிரித்து வைத்து, வேண்டிய கோப்பைப் பென்டிரைவில் சோதித்து எடுத்துச் செல்வதே நலம். கோப்புகளின் மறுபடி ஒன்று வலையமைப்போடு இணையாத வட்டில் இருக்கட்டும். எல்லாக் கதவுகளும் உடைபட்ட நாளில் கைகொடுப்பது அது ஒன்றுதான்.