வெள்ளை ரத்தத்தில் தொடங்கி சிவப்பு பாண்டா வரை

எல்சாவா, மொவானாவா, மெரிடாவா? உங்க ஃபேவரிட் அனிமேஷன் ஹீரோயின் யாருன்னு கேட்டா வீட்டுக்கு ஒரு பதில் வரும். பெண் பிள்ளை இருக்கிற வீடுன்னா அந்தப் பதில் பள்ளிக்கூடப் பையிலயும் தண்ணி பாட்டில்லயும் ஒட்டியே இருக்கும்.

ஒரு டாக்டரா எனக்கு இதுல வேற ஒரு கேள்வி உண்டு. இந்த ஹீரோயின்கள்ல எத்தனை பேருக்கு உடம்புன்னு ஒண்ணு இருக்கு? கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. ஒரு டீ போட்டுட்டு வாங்க.

உடம்புன்னதும் இடுப்பளவு பத்தி பேசப் போறேன்னு நினைக்காதீங்க. அதை ஏற்கனவே நிறைய பேர் பேசிட்டாங்க. நான் சொல்றது வியர்க்கிற, பரு வர்ற, வயிறு வலிக்கிற, மாசத்துக்கு ஒருமுறை ரத்தம் வர்ற உடம்பு.

டிஸ்னியோட முதல் முழுநீள அனிமேஷன் படமான 'ஸ்னோ ஒயிட்' 1937 டிசம்பர் 21 அன்னிக்கு லாஸ் ஏஞ்சலஸ்ல முதன்முதலா திரையிடப்பட்டது. 1959ல 'ஸ்லீப்பிங் பியூட்டி'. அதுல அரோராவுக்கு 16 வயசு. 1989ல 'தி லிட்டில் மெர்மெய்ட்'. ஏரியலுக்கும் 16 வயசுதான். ரெண்டு பேர் வயசையும் படத்துலயே சொல்றாங்க. பெண் பிள்ளைகள் பொதுவா 12, 13 வயசுல பூப்படையறாங்க. அப்போ 16 வயசுன்னா முகத்துல பருவும், மாசாமாசம் வயித்து வலியும், காரணமே தெரியாத கோபமும் இருக்கணும். இந்த இளவரசிகளுக்கு அப்படி எதுவுமே கிடையாது. கண்ணாடிப் பொம்மை மாதிரி சருமம்.

இதுல வேடிக்கை என்னன்னா, டிஸ்னி ஸ்டுடியோவுக்கு மாதவிடாய் பத்தி தெரியாம இல்லை. நல்லாவே தெரியும். அதைப் பத்தி ஒரு படமே எடுத்திருக்காங்க!

1946. படத்தோட பேர் 'தி ஸ்டோரி ஆஃப் மென்ஸ்ட்ருவேஷன்'. சுமார் 10 நிமிஷம் ஓடும். கோடெக்ஸ் நாப்கின் தயாரிச்ச கம்பெனிக்காக டிஸ்னி எடுத்துக் கொடுத்தது. தியேட்டர்ல வரல. பல வருஷம் அமெரிக்கப் பள்ளிகள்ல மாணவிகளுக்குப் போட்டுக் காட்டினாங்க. 2015ல அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டுலயும் இதைச் சேர்த்துட்டாங்க.

மருத்துவ ரீதியா பார்த்தா 1946க்கு மோசமில்லாத படம். மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியில ஆரம்பிச்சு, சினைப்பை, கர்ப்பப்பைன்னு வரிசையா விளக்குறாங்க. அந்த நாட்கள்ல குளிக்கலாம், உடற்பயிற்சி செய்யலாம்னு சொல்றாங்க. (2020களிலும் எங்க ஓபியில "தலைக்கு ஊத்தலாமா டாக்டர்"னு கேட்கிறாங்க. ஊத்தலாம்மா, தாராளமா ஊத்தலாம்.)

ஆனா ஒரே ஒரு விஷயம். அந்தப் படத்துல கர்ப்பப்பையிலிருந்து வெளியேறுற உதிரம் சிவப்பா இல்லை, வெள்ளையா இருக்கு!

டெக்னிக்கலர்ல ஸ்னோ ஒயிட்டோட ஆப்பிளை அப்படி ஒரு சிவப்புல பளபளன்னு காட்டின ஸ்டுடியோ அது. சிவப்பு பெயின்ட் தீர்ந்துபோயிருக்க வாய்ப்பில்லை. நம்ம ஊர் நாப்கின் விளம்பரங்கள்ல நீலத் தண்ணியை ஊத்திக் காட்டினது ஞாபகம் இருக்கா? அதுவும் இதே வேலைதான். பிள்ளைக்கு விஷயத்தைச் சொல்லணும், ஆனா அவ பார்க்கப் போற நிறத்தை மட்டும் சொல்லக் கூடாது.

இதோட விளைவை நான் நேர்ல பார்க்கிறவன். முதல் தடவை ரத்தத்தைப் பார்த்துட்டு, யார்கிட்டயும் சொல்லாம மூணு நாள் அழுதுட்டு, நாலாவது நாள் அம்மா கண்டுபிடிச்சு கூட்டிட்டு வர, "எனக்கு கேன்சரா சார்"னு கேட்ட பிள்ளைகள் உண்டு. மாசாமாசம் அதிகமா ரத்தம் போய், வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, ஹீமோகுளோபின் 6க்கு இறங்கின பிறகு மயங்கி விழுந்து வந்தவங்களும் உண்டு.

சரி, வரலாற்றுக்கு வருவோம். இந்த ஹீரோயின்களை வரைஞ்சது யாரு?

1938ல டிஸ்னியில வேலை கேட்டு எழுதின ஒரு பெண்ணுக்கு ஸ்டுடியோவிலிருந்து ஒரு பதில் கடிதம் போச்சு. படைப்பு சார்ந்த வேலையெல்லாம் இளைஞர்கள்தான் செய்வாங்க, அந்தப் பயிற்சிக்குப் பெண்களை எடுக்கிறதில்லை, பெண்களுக்கு இருக்கிற வேலை ஆண்கள் வரைஞ்ச கோடுகளை செல்லுலாய்ட் தாள்ல மையால நகலெடுத்து வண்ணம் பூசறது மட்டும்தான்னு அதுல தெளிவா எழுதியிருந்தாங்க. கடிதத்தோட படம் இப்பவும் இணையத்துல சுத்துது, பார்த்திருப்பீங்க.

விதிவிலக்குகள் இருந்தாங்க. 'பாம்பி' படத்துல (1942) வர்ற வேட்டை நாய்கள் துரத்தும் காட்சி ஞாபகம் இருக்கா? அதை வரைஞ்சது ரெட்டா ஸ்காட். டிஸ்னி படத்துல அனிமேட்டர்னு பெயர் வந்த முதல் பெண். அந்தப் படத்துலயே ரொம்பப் பயங்கரமான காட்சி அதுதான். 'சிண்ட்ரெல்லா'வோட நிறங்களுக்குப் பின்னாடி இருந்தவர் மேரி பிளேர். ஆனா கதை எழுதுற மேஜைக்குப் பெண் வர ரொம்ப நாளாச்சு. 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' (1991) எழுதின லிண்டா வுல்வர்ட்டன்தான் டிஸ்னியில முழுநீள அனிமேஷன் படத்துக்குத் திரைக்கதை எழுதின முதல் பெண்.

அவர் பேட்டிகள்ல சொன்ன ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தான் போக ஆசைப்படுற ஊர்களையெல்லாம் பெல் ஒரு வரைபடத்துல ஊசி குத்திக் குறிச்சு வைக்கிற மாதிரி இவர் ஒரு காட்சி எழுதினாராம். ஸ்டோரிபோர்டுல வரைஞ்சு வந்தப்போ பெல் சமையலறையில கேக் அலங்கரிச்சுக்கிட்டு இருந்தாளாம்! அப்புறம் சண்டை போட்டு, ரெண்டும் வேண்டாம்னு முடிவாகி, பெல் கையில புத்தகம் வந்தது. நாம பார்த்த பெல் அப்படிப் பிறந்தவதான்.

இன்னொண்ணு கவனிச்சிருக்கீங்களா? ஸ்னோ ஒயிட், சிண்ட்ரெல்லா, ஏரியல், பெல், 'அலாதீன்' ஜாஸ்மின், இவங்க யாருக்கும் படத்துல அம்மா இல்லை. டாக்டரா எனக்கு இதுக்கு ஒரு பதில் தெரியும். இந்தக் கதைகள் பிறந்த காலத்து ஐரோப்பாவுல பிரசவம்ங்கிறது உயிரைப் பணயம் வைக்கிற விஷயம். பிரசவத்துக்குப் பிந்தைய காய்ச்சல்ல தாய்மார்கள் கொத்துக்கொத்தா செத்தாங்க. கையைக் கழுவிட்டுப் பிரசவம் பாருங்கன்னு வியன்னாவுல செம்மல்வைஸ் சொன்னதே 1847லதான். அதையும் சக டாக்டர்கள் பலர் ஏத்துக்கல. அப்பா மறுமணம் செய்யறதும், சின்னம்மா வர்றதும் அன்னிக்குக் கதை இல்லை, நிஜம்.

ஆனா அது மட்டுமே காரணம் இல்லை. கிரிம் சகோதரர்கள் 1812ல அச்சிட்ட முதல் பதிப்புல, ஸ்னோ ஒயிட்டைக் கொல்லப் பார்க்கிறது பெத்த அம்மாவேதான்! 1819 பதிப்புல அதைச் சித்தின்னு மாத்திட்டாங்க. பெத்தவ அப்படி இருக்கலாமான்னு தோணியிருக்கும். அம்மாவுக்கும் வளர்ற பொண்ணுக்கும் நடுவுல வர்ற சண்டை, பொறாமை, பயம் எல்லாம் அன்னிக்கு மூட்டை கட்டப்பட்டதுதான். அனிமேஷன் சினிமா அந்த மூட்டையை அவிழ்க்க 2012 ஆச்சு.

அதுக்கு முன்னாடி ஜப்பானுக்குப் போயிட்டு வந்துடலாம். ஸ்டுடியோ கிப்லின்னதும் எல்லாரும் மியாசாகியோட 'ஸ்பிரிட்டட் அவே' (2001) சிஹிரோவைச் சொல்வாங்க. சரிதான். 10 வயசு, பயந்த சுபாவம், சாதாரண முகம், ஆஸ்கர் வாங்கின படம். ஆனா நான் சொல்ல வந்தது அதே ஸ்டுடியோவோட இன்னொரு டைரக்டர் இசாவோ தகஹாதா 1991ல எடுத்த 'ஒன்லி எஸ்டர்டே' பத்தி.

தாயெகோவுக்கு 27 வயசு. டோக்கியோவுல ஆபீஸ் வேலை. லீவு போட்டுட்டு யமகாதா கிராமத்துக்குக் குசும்பப்பூ பறிக்கப் போறா. போற வழியெல்லாம் 1966ல அஞ்சாங்கிளாஸ் படிச்ச 10 வயசு தாயெகோ கூடவே வர்றா. அந்த நினைவுகள்ல ஒண்ணு, பள்ளியில பெண் பிள்ளைகளை மட்டும் தனியா கூப்பிட்டு மாதவிடாய் பத்தி பாடம் எடுத்தது. விஷயம் பசங்களுக்குக் கசிஞ்சுடுது. விளையாட்டு பீரியட்ல ஓரமா உட்கார்ற பிள்ளைகளையெல்லாம் கிண்டல் பண்றாங்க. தாயெகோவுக்குச் சளி. ஓரமா உட்கார வேண்டிய நிலைமை. ஐயோ, எல்லாரும் நமக்கும் அதுதான்னு நினைப்பாங்களேன்னு அவ தவிக்கிற தவிப்பு இருக்கே...

அவளோட தோழிக்கு நிஜமாவே பீரியட்ஸ். அவ அதுக்கு வெட்கப்படல. தாயெகோவுக்கு வரவே இல்லை, ஆனா அவமானத்துல சுருங்குறா. ரத்தம் உடம்புல இருந்து வருது, வெட்கம் வெளியே இருந்து வருதுன்னு இதைவிடத் தெளிவா சொன்ன படம் நான் பார்த்ததில்லை. எடுத்தவர் ஒரு ஆண் என்பதையும் சொல்லணும். பெண் எழுதினாத்தான் பெண்ணோட உடம்பு படத்துக்குள்ள வரும்னு ஒரே போடா போட முடியாது.

இந்தப் படம் அந்த வருஷம் ஜப்பான்ல அதிகம் வசூலிச்ச ஜப்பானியப் படம். ஆனா அமெரிக்கத் தியேட்டர்களுக்கு ஆங்கிலக் குரலோட வந்தது 2016ல! கிப்லி படங்களோட உரிமை டிஸ்னி கையில இருந்த காலமெல்லாம் இது வெளியாகல. வெட்டித் தர கிப்லி சம்மதிக்காது, அந்த பீரியட்ஸ் காட்சிகளோட குழந்தைகள் படமா விக்கவும் முடியாது, அதனாலதான்னு பரவலா சொல்வாங்க. கடைசியில ஜிகிட்ஸ்னு வேற கம்பெனிதான் வெளியிட்டது.

இப்போ 2012. பிக்சாரோட 13வது படம் 'பிரேவ்'. 1995ல 'டாய் ஸ்டோரி' எடுத்த கம்பெனி. பொம்மைக்கும் மீனுக்கும் எலிக்கும் காருக்கும் கதாநாயகர் பதவி கொடுத்தவங்களுக்கு, ஒரு பெண்ணை நடுவுல வைக்க 17 வருஷம் ஆகியிருக்கு. தன் மகளோட தினமும் நடக்கிற மல்லுக்கட்டை வெச்சு அந்தக் கதையை உருவாக்கினவர் பிரெண்டா சாப்மன். ஒரு பெண், அவளோட உயிருள்ள அம்மா, ரெண்டு பேருக்கும் சண்டை. அம்மா கரடியா மாறிடுறா. பாதி வழியில, 2010ல, சாப்மனை டைரக்டர் பொறுப்பிலிருந்து எடுத்துட்டு மார்க் ஆண்ட்ரூஸ்கிட்ட கொடுத்தாங்க. 2013ல ஆஸ்கர் கிடைச்சப்போ ரெண்டு பேரும் மேடையில நின்னாங்க.

அதே வருஷம் மெரிடாவை டிஸ்னி இளவரசிகள் வரிசையில சேர்த்தாங்க. அதுக்காக வரைஞ்ச புது மெரிடாவுக்கு இடுப்பு சின்னதாயிடுச்சு, பரட்டைத் தலை படிஞ்சிடுச்சு, வில்லைக் காணோம். சாப்மனே பொதுவெளியில திட்டினார். 2 லட்சத்துக்கும் மேல கையெழுத்து போட்டாங்க.

'ஃப்ரோசன்' (2013) பத்தி தெரியாதவங்க இல்லை, சுருக்கமா முடிக்கிறேன். எல்சா முதல்ல வில்லியா இருந்தவ. ஒரு பாட்டு எழுதி முடிச்சதும், இப்படிப் பாடுறவ வில்லியா இருக்க முடியாதுன்னு கதையையே மாத்தினாங்க. ஜெனிஃபர் லீ, டிஸ்னி அனிமேஷன் ஸ்டுடியோ படத்தை (கிறிஸ் பக்கோட சேர்ந்து) இயக்கின முதல் பெண். 'என்கான்டோ' மிராபெல் கண்ணாடி போட்டுக்கிட்டு வந்ததுல என் கிளினிக்கல் மனசுக்குத் தனி சந்தோஷம். "கண்ணாடி போட்டா அசிங்கமா இருக்கும்"னு அழற பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படம் கிடைச்சது.

ஆனா நான் இவ்வளவு தூரம் உங்களை இழுத்துட்டு வந்தது 'டர்னிங் ரெட்' படத்துக்காக. 2022 மார்ச். டைரக்டர் டோமி ஷீ. பிக்சாரோட முழுநீளப் படத்தைத் தனியா இயக்கின முதல் பெண். தயாரிப்பாளர், புரொடக்‌ஷன் டிசைனர், விஷுவல் எஃபெக்ட்ஸ் தலைவர்னு முக்கியப் பொறுப்புகள் எல்லாம் பெண்கள்.

கதை 2002, டொரொன்டோ. மெய்லினுக்கு 13 வயசு. ஒருநாள் காலையில எழுந்தா பெரிய சிவப்பு பாண்டாவா மாறியிருக்கா. பாத்ரூம்ல ஒளிஞ்சுக்கிட்டுக் கத்துறா. வெளியே நிக்கிற அம்மா, பொண்ணு வயசுக்கு வந்துட்டான்னு நினைச்சுட்டு ஓடிப்போய் எல்லாத்தையும் அள்ளிட்டு வர்றாங்க. நாப்கின், சுடுதண்ணி பை, வைட்டமின் பி, இபுப்ரோஃபென்.

இதுல அந்த இபுப்ரோஃபெனுக்கு நான் எழுந்து நின்னு கைதட்டினேன். கர்ப்பப்பையில சுரக்கிற புரோஸ்டாகிளாண்டின்தான் அந்தச் சுருட்டிப் பிடிக்கிற வலிக்குக் காரணம். இபுப்ரோஃபென், மெஃபெனாமிக் ஆசிட் மாதிரி மாத்திரைகள் அதோட உற்பத்தியையே குறைக்கும். சாப்பிட்ட பிறகு போடணும், அல்சரோ கிட்னி பிரச்சினையோ இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம போடக் கூடாது. மத்தபடி வலிக்கு முதல் சிகிச்சை அதுதான். "மாத்திரை போட்டா கர்ப்பப்பை சுருங்கிடும், குழந்தை பிறக்காது"ன்னு வீட்டுல தடுக்கிறாங்களே, அதுக்கு எந்த ஆதாரமும் இல்லை.

அப்புறம் அந்த அம்மா நாப்கின் பாக்கெட்டோட ஸ்கூலுக்கே போய், கிளாஸ் ஜன்னல் வழியா தூக்கிக் காட்டுறாங்க. அந்தப் பிள்ளை பூமிக்குள்ள புதைஞ்சுடலாமான்னு பார்க்குது. படம் வந்ததும் சில பெற்றோர்கள், குழந்தைகள் படத்துல இதெல்லாம் எதுக்குன்னு கோபப்பட்டாங்க. இந்தக் கதை ரொம்பச் சின்ன வட்டத்துக்கானதுன்னு ஒரு விமர்சகர் எழுத, எதிர்ப்பு கிளம்பி, அந்த விமர்சனத்தையே இணையதளம் தூக்கிடுச்சு. உலக ஜனத்தொகையில பாதிக்கு நடக்கிற விஷயம் சின்ன வட்டமாம்!

மெய்லினோட தோழிகள்ல அலட்டிக்காம ஒரே தொனியில பேசுற பிரியான்னு ஒருத்தி வருவாளே, அந்தக் குரல் நம்ம மைத்ரேயி ராமகிருஷ்ணன், ஈழத்துப் பின்னணி கொண்ட கனடாத் தமிழ்ப் பொண்ணு.

1946ல வெள்ளையா காட்டினதுக்கும், 2022ல ஒரு பிள்ளை முழுசா சிவப்பாவே மாறி நிக்கிறதுக்கும் நடுவுல 76 வருஷம். பிக்சார் இப்போ டிஸ்னி கம்பெனியோடதுதான். 2024ல 'இன்சைட் அவுட் 2' ரைலிக்கு 13 வயசுல தாடையில ஒரு பரு வந்தது, வியர்வை நாத்தம் வந்தது, பதற்றத்துல மூச்சு முட்டுச்சு. பேனிக் அட்டாக்கை அவ்வளவு சரியா காட்டியிருந்தாங்க.

என் ஃபேவரிட்? மெய்லின்னு சொல்வேன்னு எதிர்பார்ப்பீங்க. இல்லை, தாயெகோ. எந்த மந்திரமும் இல்லாத, பாண்டாவா மாறாத, சளி பிடிச்சு ஓரமா உட்கார்ந்திருக்கிற அந்தப் பிள்ளையைத்தான் நான் தினமும் ஓபியில பார்க்கிறேன்.

படம் பார்த்துட்டுப் பேச்சு வந்தா சொல்லி வைக்க மூணு விஷயம். 8 வயசுக்கு முன்னாடியே மார்பக வளர்ச்சி தெரிஞ்சாலோ, 15 வயசாகியும் பூப்படையலைன்னாலோ டாக்டரைப் பாருங்க. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையுற மாதிரி தொடர்ந்து போனா காத்திருக்காதீங்க. ஸ்கூலுக்குப் போக முடியாத அளவுக்கு மாசாமாசம் வலின்னா அதைப் "பொம்பளைன்னா அப்படித்தான்"னு விடாதீங்க, கூட்டிட்டு வாங்க. அரசு மருத்துவமனையில ஓபி சீட்டுக்குக் காசு கிடையாது.