வீட்டு மின்பலகையைப் புதுப்பித்தல்

வீட்டு மின்பலகையைப் புதுப்பித்தல் என்பது, மரப்பலகையில் பீங்கான் ஃப்யூஸ்கள் பொருத்திய பழைய அமைப்பை நீக்கி, தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவிகள் கொண்ட பெட்டியை அமைக்கும் பணியாகும். இந்திய வீடுகளுக்கு 230 வோல்ட் மின்சாரம் வழங்கப்படுகிறது.

பழைய ஃப்யூஸில் கம்பி உருகினால் கையால் மாற்ற வேண்டும். அப்போது தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டால், பளு மிகும்போதும் அது உருகாது; சுவருக்குள் ஒயர் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். கருகிய பிளக் துளைகளும் சூடாகும் சுவிட்சுகளும் எச்சரிக்கை அறிகுறிகள்.

புதிய பெட்டியில் ஒவ்வொரு சுற்றுக்கும் எம்.சி.பி. என்னும் தனித் துண்டிப்புக் கருவி பொருத்தப்படும். விளக்கு, மின்விசிறிச் சுற்றுக்கு 6 அல்லது 10 ஆம்பியரும், ஹீட்டர் போன்றவற்றுக்கு 16 ஆம்பியரும் வழக்கமானவை. ஒயர் தாங்கும் அளவை எம்.சி.பி.யின் அளவு மீறக்கூடாது.

எம்.சி.பி. மிகைப்பளுவையும் ஷார்ட் சர்க்யூட்டையும் மட்டுமே தடுக்கும். மனிதரைத் தாக்கும் மின்கசிவைத் தடுப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. ஃபேஸ், நியூட்ரல் மின்னோட்டங்களுக்கிடையே 30 மில்லிஆம்பியர் வேறுபாடு தோன்றினாலே அது இணைப்பைத் துண்டிக்கும். அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். முறையான எர்த் இணைப்பும் இன்றியமையாதது. இப்பணியை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும்.