700சி: ஒரு பெயரில் தங்கிய அகலம்

கார்பன் ஃபிரேம் கொண்டதாக, உடலை வருத்தாததாக, சற்று அகலமான டயரை ஏற்பதாக ஒரு ரோடு பைக் வேண்டும், எதை வாங்கலாம்? ஆய்வு மாணவர்களிடமிருந்து இவ்வினா அண்மைக்காலமாக அடிக்கடி வருகிறது. உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வாங்கும் பொருள் என்பதால் வினாவின் கனம் புரிகிறது. இதிலுள்ள மூன்று நிபந்தனைகளில் முதலாவதையே கடைகள் முன்னிறுத்துகின்றன. மிதிவண்டியின் வரலாற்றைப் படித்தவர் மூன்றாவதிலிருந்து தொடங்குவார். அதற்கான சான்று டயரின் பக்கச்சுவரிலேயே அச்சாகியிருக்கிறது.

இன்றைய ரோடு பைக் டயர்களில் '700 × 28சி' என்பது போன்ற குறி காணப்படும். 28 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். ஆனால் 700 எதன் அளவு? அந்தச் சக்கரத்தில் 700 மில்லிமீட்டர் அளவுள்ள உறுப்பு எதுவுமில்லை. டயர் அமரும் ரிம்மின் விட்டம் 622 மில்லிமீட்டர். 23 மில்லிமீட்டர் டயரைப் பூட்டினால் வெளிவிட்டம் 668 மட்டுமே. பொருள் நழுவிய பின்னும் வடிவம் மாறாது நிற்கும் சொற்களை மொழியியலார் நன்கறிவர். 700சி அவற்றுள் ஒன்று.

இது பிரெஞ்சு அளவுமுறையிலிருந்து வந்தது. அம்முறையில் 700 என்பது காற்றடித்த டயரின் வெளிவிட்டம். ஏ, பி, சி என்னும் எழுத்துகள் அகலத்தின் படிகள்: ஏ குறுகியது, சி அகன்றது. வெளிவிட்டம் மாறாமல் டயர் அகல வேண்டுமெனில் ரிம் சிறுத்தாக வேண்டும். ஆகவேதான் 700ஏ ரிம்மின் விட்டம் 642, 700பி 635, 700சி 622 என இறங்குகின்றன. இனி எளிய கழித்தல்: 700இலிருந்து 622 போக 78, அதில் பாதி 39. '700சி' என்ற பெயர் பிறந்தபோது அது குறித்தது ஏறத்தாழ 39 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரை. 'குறுகிய டயரின் சக்கரம்' என ஒரு தலைமுறையே நம்பிய சக்கரம், பெயரளவில் அகன்ற டயரின் சக்கரம்.

இதே கணக்கை நம் நாட்டுச் சைக்கிளிலும் போட்டுப் பார்க்கலாம். பால் கேனும் எரிவாயு உருளையும் சுமந்து செல்லும் கறுப்பு நிறப் பெரிய சைக்கிளின் டயரில் '28 × 1½' என்றிருக்கும். இது ஆங்கிலேய முறை, அலகு அங்குலம். 28 அங்குலம் என்பது 711 மில்லிமீட்டர். ஒன்றரை அங்குலம் 38 மில்லிமீட்டர். 711இலிருந்து இருபுறமும் 38 கழித்தால் 635. பிரெஞ்சு 700பியின் ரிம்மும் அதுவே. 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் முதல் 1956இல் லூதியானாவில் எழுந்த ஹீரோ வரை, இந்தியத் தொழிற்சாலைகள் அந்த ஆங்கிலேய வார்ப்பையே பெருக்கின. இரண்டு நாடுகள், இரண்டு அலகுகள். எனினும் சாதாரணச் சாலைக்கு உகந்த அகலம் என இரண்டும் கண்டது 38, 39 மில்லிமீட்டரை.

இந்த அகலம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இன்னும் சற்றுப் பின்னே செல்ல வேண்டும். 'டயர்' என்ற ஆங்கிலச் சொல் 'ஆடை அணிவித்தல்' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து சுருங்கியது. மரச்சக்கரத்துக்கு அணிவித்த இரும்புப் பட்டைதான் முதல் டயர். ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அது வழக்கில் நிலைக்காமல் மறக்கப்பட்டது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக அதே கருத்தைத் தாமாகக் கண்டடைந்தார். மறு ஆண்டு அந்நகரப் பந்தயத்தில் வில்லி ஹியூம் என்னும் வீரர் தடித்த காற்று டயர்களுடன் களமிறங்கியபோது கூட்டம் நகைத்தது. அவர் வென்ற பிறகு நகைப்பு அடங்கியது. 1891இல் நடந்த முதல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தில் சுமார் 1200 கிலோமீட்டரை 71 மணி 22 நிமிடத்தில் கடந்து வென்ற சார்ல் தெர்ரோன், மிஷலின் நிறுவனத்தின் கழற்றி மாட்டக்கூடிய காற்று டயரில் ஓட்டினார். சுகத்துக்காகப் பிறந்த பொருள் வேகத்துக்கும் உதவிற்று. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற எண்ணம் அப்போது இல்லை.

அந்த எண்ணம் பின்னர் உருவானது. பந்தயத் தடங்கள் வழவழப்பாயின, தார்ச்சாலைகள் மேம்பட்டன, எடை குறைந்ததும் காற்றைக் கிழித்துச் செல்வதுமான குறுகிய டயர் வெற்றியின் அடையாளமாயிற்று. எதிர்க்குரலும் இருந்தது. செந்த் எத்தியேன் நகரிலிருந்து 'ல சிக்லிஸ்த்' இதழை நடத்திய பால் த விவி, 'வெலோசியோ' என்ற புனைபெயரில், அகன்ற டயரையும் பல்வேறு கியர்களையும் நெடுந்தொலைவு ஓட்டுவோர்க்குப் பரிந்துரைத்து வந்தார். பந்தய உலகம் அதற்குச் செவிசாய்க்கவில்லை. கியர் மாற்றும் டெரெய்லரை டூர் த பிரான்ஸ் 1937 வரை அனுமதிக்கவில்லை என்பதிலிருந்தே அதன் மனப்பாங்கு விளங்கும்: வசதி என்பது வலுவின்மையின் அறிகுறி.

இம்மனப்பாங்குக்கு அறிவியலின் முத்திரையை வழங்கியது ஆய்வகத்து உருளை. டயரை வழவழப்பான எஃகு உருளையின் மீது ஓடவிட்டு உருளல் தடையை அளப்பர். காற்றழுத்தம் கூடக்கூட டயர் நெளிவது குறையும். நெளிவில் வீணாகும் ஆற்றலும் குறையும். ஆகவே 'கல்லைப்போல் இறுகிய டயரே வேகமானது' என்ற முடிவு கிடைத்தது. குறுகிய டயர்தான் அத்தகைய அழுத்தத்தைத் தாங்கும். ஒரே அழுத்தத்தில் டயர் அகன்றால் அதன் உறை தாங்க வேண்டிய இழுவிசையும் அதே விகிதத்தில் உயரும். 1980களிலும் 1990களிலும் 20 முதல் 23 மில்லிமீட்டர் வரையிலான டயர்கள் கோலோச்சியதன் பின்னணி இது.

அளவீடு பிழையற்றது, அளக்கப்பட்ட பொருளில்தான் குறை. உருளையின் மேல் சாலையின் சொரசொரப்பும் இல்லை, மனித உடலும் இல்லை. உண்மைச் சாலையில் இறுகிய டயர் ஒவ்வொரு சிறு மேட்டிலும் வண்டியையும் ஆளையும் தூக்கிப்போடும். அந்த ஆற்றல் கைகளிலும் தொடைகளிலும் முதுகிலும் அதிர்வாகக் கரைந்து வெப்பமாகிறது. முன்னே செல்லப் பயன்பட வேண்டிய ஆற்றல் அது. மேலும், ஒரே அழுத்தத்தில் அகன்ற டயரின் தரைத்தொடுபரப்பு நீளத்தில் குறுகி அகலத்தில் விரிவதால் அது நெளிவதும் குறைவே. இருபத்தொன்றாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் யான் ஹைன ஆசிரியராக இருந்த அமெரிக்க இதழான 'பைசிக்கிள் குவாட்டர்லி', ஆளேறிய வண்டியை உண்மைச் சாலையில் ஓட்டிச் சோதித்தபோது இவ்விழப்பு கணக்குக்குள் வந்தது. அகன்ற, மெல்லிய உறைகொண்ட டயர் மிதமான அழுத்தத்தில் வேகத்தை இழப்பதில்லை என்ற முடிவு முதலில் ஐயத்துடன் பார்க்கப்பட்டது. பின்னர்த் தொழில்முறை அணிகளே 25, 28 என நகர்ந்தன.

கார்பனின் வரலாறு இதற்கு இணையாக வேறொரு தடத்தில் ஓடியது. 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையம் உள்ளிட்ட இடங்களில் உறுதிமிக்க கார்பன் இழை உருவாயிற்று. 1986இல் கிரெக் லெமாண்ட் டூர் த பிரான்ஸை வென்றபோது ஓட்டியது கார்பன் குழாய்கள் கொண்ட லுக் வண்டி. இழைகளை எத்திசையில் அடுக்குகிறோமோ அத்திசையில் மட்டும் விறைப்பைக் கூட்டலாம் என்பது இப்பொருளின் தனிச்சிறப்பு. 'பக்கவாட்டில் விறைப்பு, மேல்கீழாக நெகிழ்வு' என்னும் விளம்பரத் தொடர் இதிலிருந்து கிளைத்தது. ஆயின் முக்கோணங்களால் கட்டப்பட்ட ஃபிரேம் மேல்கீழாக வளைவது மிகச் சொற்பம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுருள்வில்களில் மிக மென்மையானதே மிகுதியாக அமுங்கும். மிதிவண்டியில் அந்த மென்மையான வில் டயர். அதற்கு அடுத்த நிலையில் சீட்டும், அதைத் தாங்கும் சீட்போஸ்ட்டும், ஹேண்டில்பார் உறையும் வரும். ஃபிரேம் கடைசியில்தான்.

எனினும் ஃபிரேமுக்கு ஒரு பெரும் அதிகாரம் உண்டு: எவ்வளவு அகலமான டயர் உள்ளே நுழையலாம் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. நெடுங்காலம் இவ்வாயிலைக் காத்தது ரிம் பிரேக். டயரின் மேல் வளைந்து நிற்கும் அதன் கைகள், வழக்கமான பந்தய வண்டிகளில் 28 மில்லிமீட்டருக்கு மேல் இடம் விடுவதில்லை. பழைய ஃபிரேம்கள் பல 25உடன் நின்றுவிடும். டிஸ்க் பிரேக் அச்சுக்கருகே இடம்பெயர்ந்ததும் அத்தடை நீங்கியது. சாலைப் பந்தயங்களில் 2015இல் சோதனையாகத் தொடங்கிய டிஸ்க் பிரேக், இடையில் நிறுத்தப்பட்டு, 2018இல் முறையான அனுமதி பெற்றது. வடபிரான்சின் கற்பாவிய சாலைப் பந்தயத்தின் பெயரைத் தாங்கி 2004இல் வெளிவந்த ஸ்பெஷலைஸ்டு ரூபே வண்டியின் எஸ்எல்8 வடிவம் இன்று 40 மில்லிமீட்டர் டயரை ஏற்கிறது. டிரெக் டோமானே 38ஐ. பெயர் குறித்த 39க்கு வண்டிகள் மீண்டு வந்துவிட்டன.

இவ்வரலாற்றிலிருந்து வாங்குவோர்க்குக் கிடைக்கும் நடைமுறை விதிகள் சில.

முதலில் கேட்க வேண்டியது ஃபிரேமும் ஃபோர்க்கும் ஏற்கும் உச்ச அகலம். நம் வேகத்தடைகளுக்கும் பள்ளங்களுக்கும் 32 மில்லிமீட்டரைக் குறைந்தபட்சமாகக் கொள்ளலாம். 35க்கு இடமிருந்தால் நன்று. டயரில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்: உள்ளகலம் மிகுந்த ரிம்மில் 28 எனக் குறித்த டயர் 30ஐ எட்டிவிடும்.

இரண்டாவது, மலிவாகக் கிடைக்கும் பழைய கார்பன் பந்தய வண்டி. 25 மட்டுமே நுழையும் ஃபிரேமில் 28ஐத் திணிக்காதீர்கள். டயருக்கும் செயின்ஸ்டேவுக்கும் இடையில் சிக்கும் மணலும் சரளையும் கார்பனை அரத்தைப்போல் அராவும். தேய்ந்த இழை முன்னறிவிப்பின்றி முறியக்கூடும். வாங்குமுன் அவ்விடத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது கட்டாயம்.

மூன்றாவது, அளவு. கழுத்துவலியையும் கைமரப்பையும் டயர் மட்டும் தீர்க்காது. கிராங்க் அச்சிலிருந்து ஹெட்டியூப் உச்சி எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னே என்பது ரீச். நீண்ட நேரம் ஓட்டுவோர்க்கு ஸ்டாக் சற்று உயர்ந்தும் ரீச் சற்றுக் குறைந்தும் இருப்பது பெரும்பாலும் பொருந்தும். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணிநேரத்தில் முடிக்க வேண்டிய பிரெவே ஓட்டங்களில் இந்தியாவெங்கும் பங்கேற்போர் இதை உடலால் அறிவர்.

நான்காவது, காற்று. 70 கிலோ எடையுள்ளவர் 23 மில்லிமீட்டர் டயரில் 100 பிஎஸ்ஐக்கு மேல் அடித்த பழக்கத்தில் 32க்கும் அவ்வாறே அடித்தால் அகலத்தின் பயன் முழுவதும் வீணாகும். அதற்கு 60 பிஎஸ்ஐ அளவிலிருந்து தொடங்கிக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம்.

கார்பன் எடையைக் குறைக்கும். அதற்கு மேல் அதனிடம் சுகத்தை மட்டும் எதிர்பார்த்துப் பெருந்தொகை செலவிட வேண்டியதில்லை. 35 மில்லிமீட்டர் ஏற்கும் அலுமினிய ஃபிரேம், 25 மட்டும் ஏற்கும் கார்பன் ஃபிரேமைவிட நம் சாலையில் உடலுக்கு இதமானது.

ஆய்வாளர்களாகிய நமக்கு இதில் இன்னொன்றும் உண்டு. ஆய்வகத்து உருளை பொய் சொல்லவில்லை. தன்மீது வைத்ததை மட்டும் அளந்தது. அளவீட்டுக்கு வெளியே விடப்பட்டது ஓட்டுபவரின் உடல். பல ஆண்டுகள் அந்த உடல் வலியால் எதிர்வாதம் செய்தபோது, அதைப் பழகாத உடல் என்றார்களேயன்றி அளவீட்டை யாரும் எளிதில் ஐயுறவில்லை. நம் துறைகளிலும் இத்தகைய உருளைகள் எவை என எண்ணிப் பார்க்கலாம்.