வெண்பனியில் ஓர் இருப்புப்பாதை

'பனி' என்னும் சொல் தமிழருக்குப் புதிதன்று. முன்பனி, பின்பனி என ஆண்டின் இரு பருவங்களையே அதன் பெயரால் அழைத்தவர்கள் நம் முன்னோர். ஆயினும் நாம் அறிந்த பனி, மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளி. கதிரவன் எழுந்ததும் மறைந்துவிடுவது. இருப்புப்பாதையை மூடி, ஓடும் வண்டியை நாட்கணக்கில் சிறைப்படுத்தும் வெண்பனியைத் திருச்சி கே.கே. நகரில் வாழும் நாம் புகைப்படங்களில்தான் கண்டிருக்கிறோம். அப்படங்களில் நாம் காண்பது எது, காணத் தவறுவது எது என்று சற்றே எண்ணிப் பார்ப்போம்.

பனியில் செல்லும் நீராவி வண்டியின் படம் அழகாக அமைவதற்கு இயற்கையே ஒரு காரணம். புகைபோக்கியிலிருந்து வெளியேறும் நீராவி, நம் ஊர் வெயிலில் விரைவில் கரைந்துவிடும். கடுங்குளிரிலோ அது உடனே நுண்துளிகளாகி, வெண்முகிலாய் வண்டியின் மேல் நெடுந்தொலைவு படர்ந்து நிற்கும். ஆனால் படம் எடுப்பவருக்கு இடர்கள் பல. குளிரில் கேமராவின் பேட்டரி விரைவில் சோர்ந்துபோகும். வெளியிலிருந்து கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்தால் கண்ணாடிவில்லையில் ஈரம் படியும். எல்லாவற்றிலும் பெரிய இடர், ஒளியை அளக்கும் கருவியே தவறாகச் சொல்வதுதான். எதிரே உள்ள காட்சி சராசரி சாம்பல் நிறமுடையது என்று கொண்டே அக்கருவி கணக்கிடுகிறது. அதை அப்படியே நம்பினால் தூய பனியும் அழுக்குச் சாம்பலாகத் தெரியும்; முன்னே நிற்கும் மனிதரின் முகம் இருண்டுவிடும். எனவே ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் கூடுதலாக ஒளி தரவேண்டும் என்பது இக்கலையின் முதல் பாடம்.

ரயில்களைப் படம் எடுத்தோருள் நம் சிந்தனைக்குரியவர் ஆங்கிலிக்கன் சபையைச் சார்ந்த ஆயர் எரிக் டிரேசி. 1907-இல் பிறந்த இவர், 1930-களில் லிவர்பூல் நகரின் எட்ஜ் ஹில் பகுதியில் பங்குப்பணி ஆற்றினார். அது எஞ்சின் கொட்டகையை அடுத்த பகுதி. அங்கேதான் இவர் கையில் கேமரா ஏறியது. இவர் எஞ்சின்களை மட்டும் நேசிக்கவில்லை. ஓட்டுநர்களையும் கரி அள்ளிப் போடுவோரையும் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகினார். தம் நண்பர் பாதையோரம் காத்திருப்பதை அறிந்து, அவர்களும் உரிய இடத்தில் புகையை எழுப்பிச் சென்றார்களாம்! 1968 முதல் 1976 வரை வேக்ஃபீல்டு மறைமாவட்ட ஆயராக விளங்கிய அவர், 1978 மே 13 அன்று ஆப்பிள்பி நிலையத்தில், ரயிலைப் படம் எடுக்கச் சென்ற இடத்திலேயே உயிர் நீத்தார்.

ஆப்பிள்பி அமைந்துள்ள செட்டில் – கார்லைல் பாதை பனிக்குப் பெயர்பெற்றது. 1947-ஆம் ஆண்டின் கொடுங்குளிரில் அது வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1955-இல், அருகிலுள்ள ஸ்டெயின்மோர் மலைப்பாதையில் ஒரு சரக்கு வண்டி பனியில் புதைந்தது. அதை மீட்ட கதையைப் பிரித்தானியப் போக்குவரத்துத் திரைப்படப் பிரிவு 'பிளீத் கில்லில் பனிக்குவியல்' என்ற சிறு ஆவணப்படமாக எடுத்தது. அதன் நாயகன் 78018 எண்ணுள்ள எஞ்சின் அன்று. கொட்டும் குளிரில் மண்வாரி ஏந்திப் பனியை வெட்டியும், கந்தலைக் கொளுத்தி உறைந்த பாகங்களை இளக்கியும் உழைத்த தொழிலாளர்களே.

இக்காட்சி இன்று நம் நாட்டிலும் உண்டு. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் 2008 அக்டோபரில் ரயில் ஓடத் தொடங்கியது. 2013-இல் பீர் பஞ்சால் மலையைக் குடைந்த 11 கிலோமீட்டர் சுரங்கம் திறக்கப்பட்டது. 2025 ஜூன் 6 அன்று, ஆற்றுப் படுகைக்கு 359 மீட்டர் உயரத்தில் அமைந்த செனாப் பாலமும் திறக்கப்பட, பள்ளத்தாக்கு நாட்டின் பிற பகுதிகளோடு இருப்புப்பாதையால் இணைந்தது. பனிமூடிய பனிஹால் நிலையத்தில் ரயில் நுழையும் படங்களைக் கண்டு வியக்கிறோம். அப்பள்ளத்தாக்கின் முதல் வண்டிகள் சென்னைப் பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் உருவானவை என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? பனியையே காணாத கைகள் பனிக்காகச் செய்த வண்டிகள் அவை!

அத்தகைய கைகள் நமக்கு அயலானவை அல்ல. நம் கே.கே. நகருக்கு அண்மையில் உள்ள பொன்மலைப் பணிமனை 1928 முதல் இயங்கிவருகிறது. நீலகிரி மலை ரயிலுக்கான நீராவி எஞ்சின்கள் அங்கே உருவாகின்றன. உதகைச் சரிவில் அவை புகைவிட்டு ஏறும் படங்கள் நாட்காட்டிகளை அணிசெய்கின்றன. ஆனால் அதே பொன்மலையில், 1946 செப்டம்பர் 5 அன்று, உரிமை கேட்டுப் போராடிய ரயில்வே தொழிலாளர் ஐவர் காவல்படையின் துப்பாக்கிக்கு இரையாயினர். எந்த நாட்காட்டியிலும் நாம் அக்காட்சியைக் கண்டதில்லை. எஞ்சினின் எண்ணை மறவாமல் குறித்துவைக்கும் நாம், அதை இயக்கியவரின் பெயரைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

நாசரேத்தூர்த் தச்சரின் பட்டறையில் கைத்தொழில் பயின்றவரை ஆண்டவர் என்று அறிக்கையிடும் நமக்கு, இம்மறதி சிறு குறையன்று. உழைப்பாளரான புனித சூசையப்பருக்கு மே முதல் நாளில் விழா எடுக்கிறோம். மற்ற நாட்களில், நம் தெருவிலிருந்து விடியலில் பணிமனைக்குச் செல்பவரின் முகத்தை உற்று நோக்குகிறோமா?

ஒளி அளக்கும் கருவியைப் போலவே உலகமும் சராசரிக் கணக்கையே சொல்லித் தருகிறது. அக்கணக்கில் பனி சாம்பலாகிறது. மனித முகம் இருளாகிறது. கூடுதலாகச் சிறிது ஒளி தந்தால் இரண்டுமே தெளியும். அந்தக் கூடுதல் ஒளிக்குத் திருச்சபை வழங்கும் பெயர் அன்பு. கரி படிந்த முகங்களை அந்த ஒளியில் காணக் கற்றுக்கொள்வோம்.