அயல்வீட்டு மா

போர்களையும் உடன்படிக்கைகளையும் ஆண்டுவாரியாக எழுதிவைக்கும் வரலாற்றாசிரியர்கள், ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாருக்கு ஒரு தட்டு மா கொடுத்த செய்தியைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆயின், மொறொக்கோ நாட்டிலே யூதருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே நிலவிய உறவை அறிய விரும்புவோர் அந்த மாவிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

எகிப்திலே அடிமைகளாயிருந்த தம் முன்னோர் விடுதலை பெற்று வெளியேறியதை யூதர் பாஸ்காப் பெருநாளிலே நினைவுகூருகின்றனர். மா புளிக்கும்வரை காத்திருக்க அவகாசமின்றி அவர்கள் புறப்பட்டனர் என்பது மரபு. ஆகையால் மொறொக்கோ யூதர் எட்டு நாளும் புளிப்பில்லா ரொட்டியையே உண்டனர். புளித்ததை உண்ணாதிருந்தால் மட்டும் போதாது. அது யூதரொருவரின் உடைமையாயிருத்தலே ஆகாது. பெருநாட் காலத்தில் அவருடைமையாயிருந்த புளித்த பண்டத்தைப் பெருநாள் முடிந்த பின்னரும் தொடலாகாது என்பது சமயச் சட்டம். எனவே வீட்டிலிருந்ததை முற்கூட்டியே வேற்று மதத்தவருக்கு விற்றோ கொடுத்தோ விடுவர்.

இதன் விளைவு யாதெனில், எட்டாம் நாட் சூரியன் மறையும்போது யூதர் வீட்டிலே ரொட்டிக்கு மாவில்லை. மாவைப் புளிக்கவைக்க உறையுமில்லை. பொதியிலடைத்த ஈஸ்ட் கடையில் விற்கப்படாத காலம் அது. முதல்நாள் பிசைந்த மாவில் ஒரு பிடியை எடுத்துவைத்தே மறுநாள் மாவைப் புளிக்கவைப்பர். அந்தத் தொடர் எட்டு நாள் அறுந்து கிடந்தது. அதனை மீண்டும் இணைக்கக்கூடியவர், அந்நாள்களிலும் வழமைபோல் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த முஸ்லிம் அயலவரே. தன் சமூகத்தைப் பிறரிடமிருந்து பிரித்துக்காட்டும் சட்டமொன்று, அந்தப் பிறரின்றித் தன்னால் இயங்கமுடியாத நிலையைத் தானே உண்டாக்கிவிட்டது!

அன்றிரவுக்கு மிமூனா என்று பெயர். பெயரின் மூலம் பற்றிப் பலவாறு கூறுவர். நற்பேற்றைக் குறிக்கும் அரபுச் சொல் என்பர் சிலர். பேரறிஞர் மைமோனிடிசின் தந்தை பெயராகிய மைமோன் என்பதிலிருந்து வந்ததென்பர் வேறு சிலர். அந்த ஆராய்ச்சி நமக்கு வேண்டியதில்லை. பொழுது சாய்ந்ததும் அயலவர் மாவும் உறையும், பாலும் வெண்ணெயும், தேனும், பச்சைக் கோதுமைக் கதிர்களும் கொண்டுவருவர். யூதப் பெண்கள் உடனே மாவைப் பிசைந்து, எண்ணெய் தடவிய கையால் மெல்லிய துணிபோல விரித்து, தட்டிலே சுட்டு ஒன்றன்மேலொன்றாக அடுக்குவர். முவ்லெத்தா எனப்படும் அப்பண்டத்தைச் சூடு தணியுமுன் வெண்ணெயும் தேனும் பூசி உண்பர். மேசையிலே புலால் இராது. செழிப்பின் அடையாளமாக நீர்க் கிண்ணமொன்றில் மீன் நீந்தும். மாவினுள்ளே நாணயங்கள் புதைந்திருக்கும். கதவுகள் இரவு முழுதும் திறந்திருக்கும். மா தந்தவர் விருந்தினராய் வந்தமர்வார். ஆதாயமும் நற்பேறும் உண்டாகுக என்ற வாழ்த்தை யூதர் தம் வேதமொழியாகிய எபிரேயத்திலே கூறினாரல்லர். இரு சாராரும் சந்தையிலே பேசிய மொறொக்கோ அரபிலேயே கூறினர்.

இந்தக் கொடுக்கல் வாங்கலை வெறும் நல்லெண்ணத்தின் வெளிப்பாடாக மட்டும் கொள்ளுதல் போதாது. வயலும் மாடும் பெரும்பாலும் முஸ்லிம் குடியானவரிடமே இருந்தன. யூதருட் பலர் பொற்கொல்லராகவும், தையற்காரராகவும், ஊரூராய்ச் சென்று பண்டம் விற்போராகவும் வாழ்ந்தனர். ஆண்டு முழுதும் ஒருவருழைப்பு மற்றவருக்கு வேண்டியதாயிருந்தது. அந்த உண்மை ஓரிரவிலே பண்டிகையாக உருக்கொண்டது எனலாம்.

ஆனால் கொடுத்தவரும் பெற்றவரும் சட்டத்தின் முன் சமமானவரல்லர். பெஸ் நகரிலே 1438ஆம் ஆண்டு யூதருக்கென மெல்லா என்னும் தனிக் குடியிருப்பு அரண்மனையை அண்டி அமைக்கப்பட்டது. பிற நகரங்களும் அவ்வழியைப் பின்பற்றின. யூதர் பாதுகாக்கப்பட்ட குடிகள். அப்பாதுகாப்புக்கு விலையாக அவர்கள் ஜிஸ்யா வரி செலுத்தினர். உடையிலும் அவர்களுக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. மிமூனா இரவிலோ சில இடங்களில் யூதர் முஸ்லிம்களின் உடையணிந்து தெருவிலே உலாவினர். மானிடவியலாளர் ஹார்வி கோல்ட்பேர்க் 1978இல் எழுதிய கட்டுரையிலே இப்பண்டிகையை யூதரின் சிறுபான்மை நிலையோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்தார். ஆண்டு முழுதும் மறுக்கப்பட்டது ஓரிரவுக்கு மட்டும் இரவலாகக் கிடைத்தது என்றே எனக்குத் தோன்றுகின்றது.

1912ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். மார்ச் 30ஆந் திகதி பெஸ் நகரிலே மொறொக்கோவைப் பிரான்சின் ஆதிக்கத்துக்குட்படுத்தும் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஏப்ரில் 9ஆந் திகதி இரவு மிமூனா. எட்டு நாள் கழித்து, 17ஆந் திகதி, சுல்தானின் படைவீரர் தம் பிரெஞ்சு அதிகாரிகளுக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அந்நியனுக்கெதிராகப் பொங்கிய சினம் மெல்லாவினுள்ளும் புகுந்தது. வீடுகள் கொள்ளையிடப்பட்டன, நாற்பதுக்கு மேற்பட்ட யூதர் மாண்டனர். தப்பியோடியோருக்குச் சுல்தான் அப்துல் ஹபீஸ் அரண்மனைக் கதவைத் திறந்துவிட்டார். அங்கே அரச மிருகக்காட்சிசாலையின் வெறுங்கூடுகளிலும் குடும்பங்கள் தங்கின. ஏகாதிபத்தியம் ஒரு நாட்டை விழுங்கும்போது அதற்கான பழி அந்நாட்டின் எளிய சிறுபான்மையினர்மீது விழுவதை வேறிடங்களிலும் நாம் கண்டிருக்கின்றோம்.

இத்தகைய நிகழ்ச்சிகளைக் காட்டி, மிமூனா விருந்தோம்பல் வெறும் பாசாங்கு என்று கூறுவோர் உளர். அவ்விருந்தைக் காட்டி, மொறொக்கோவிலே ஒரு பொற்காலம் நிலவிற்று என்போரும் உளர். இரு திறத்தாரும் அன்றைய மக்களை மறந்துவிடுகின்றனர். மா கொண்டுவந்த பெண் பாசாங்கு செய்யவில்லை. ஆயினும் அவள் அன்பினால் சட்டத்தை மாற்ற இயலவில்லை. அதனை மாற்றக்கூடிய அரசியல் இயக்கம் வளர்ந்த காலத்திலோ வேறு சக்திகள் குறுக்கிட்டன. 1948 யூனில், பலஸ்தீனப் போரின் எதிரொலியாக, உஜ்தாவிலும் ஜெராதாவிலும் நாற்பதுக்கு மேற்பட்ட யூதர் கொல்லப்பட்டனர். சியோனிசத் தூதுவர் மறுபுறத்தில் அழைத்தனர். ஏறத்தாழ இரண்டரை இலட்சமாயிருந்த மொறொக்கோ யூதருட் பெரும்பாலோர் இரண்டு தலைமுறைக்குள் வெளியேறினர். வசதியுள்ளோர் பலர் பிரான்சுக்கும் கனடாவுக்கும் போயினர். வறியோர் பெரிதும் இஸ்ரேலுக்கே சென்றனர்.

புறப்படாதவருமிருந்தனர். கசபிளாங்காவில் 1926இல் பிறந்த யூதரான பொதுவுடைமைவாதி ஆபிரகாம் செர்பாதி, சியோனிசத்தை எதிர்த்தார். தன் நாட்டு மன்னராட்சியையும் எதிர்த்தார். 1974 தொடக்கம் 1991 வரை சிறையிலிருந்தார். பின் அவர் பிரேசில் நாட்டவர் என்று கூறி அரசு அவரை நாடு கடத்திற்று! 1999இலேயே அவரால் திரும்பிவர முடிந்தது.

இஸ்ரேலுக்குச் சென்றோர் எல்லைப்புற ஊர்களிலும் நகரங்களின் வறிய குடியிருப்புகளிலும் அமர்த்தப்பட்டனர். 1959இல் ஹைபாவின் வாடி சலீப் பகுதியிலே அவர்கள் பாரபட்சத்துக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். 1960களின் நடுப்பகுதியிலிருந்து மிமூனா அங்கே பூங்காக்களிற் கூடும் பெருவிழாவாக மாறிற்று. தாழ்வாக நோக்கப்பட்ட மக்கள் தம் பண்பாட்டைத் தலைநிமிர்ந்து காட்டியமை வரவேற்கத்தக்கதே. வாக்குகளை நாடி அமைச்சர்களும் கட்சித் தலைவர்களும் முவ்லெத்தா உண்ண வருகின்றனர். மா கடையிலிருந்து வருகின்றது.

மொறொக்கோவில் இன்று எஞ்சியுள்ள யூதர் சில ஆயிரவரே. 2007இல் இப்ரான் நகரிலுள்ள அல் அகவைன் பல்கலைக்கழகத்து முஸ்லிம் மாணவர் சிலர் தம் நாட்டு யூத மரபைக் கற்கவும் கற்பிக்கவும் ஒரு சங்கம் நிறுவினர். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் மிமூனா. தட்டில் மாவேந்தித் தெருவைக் கடந்து சென்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள் அவர்கள். தட்டிக் கேட்க எதிர்வீட்டில் ஆளில்லாதபடியால், அவர்கள் நூல்களையும் முதியோரையும் நாடினர்.